புள்ளிக்கு என்ன அர்த்தம்

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் யார் பெயருக்கு நேரேயும் பெருக்கல் குறி கிடையாது. பெயரைக் கோடு போட்டு அடிப்பதும் கிடையாது. உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரைப் பேனாவால் அடிக்க எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் கை வராது. வந்தவர்களுக்கு எங்கள் போர்மேன் அறை எண்ணை எழுதுவார். நேற்று இருந்த அறையேதான் இன்றும் என்றால் இரண்டு சின்னக் கீறல். மேற்படி என்று பொருள். மற்றவர்களுக்கு ஒரு புள்ளி.

அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று ஆறு வருடமாக நான் அவரிடம் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் என்பதால் பேப்பர் வேலை முழுவதும் என் மேசைக்கு வரும். உள்ளே வேலை செய்கிற பெண்களுக்கு நான் 'ஆபீஸக்கா'. விருதுநகரிலிருந்து காலையில் பஸ் ஏறி, எம். புதுப்பட்டி தாண்டி இறங்கி நடப்பேன். வேப்பமரங்களுக்கு நடுவே அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த அறையில் எந்த நான்கு பேர் என்பது எந்த நேரத்திலும் ஆபீசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

என் மகள் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு விருதுநகரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தே புரோகிராம் எழுதுகிறாள். பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிக் கண் வலிக்கிறது, கம்ப்யூட்டரில் பார்க்கிற மாதிரி ஒன்று செய்து கொடு என்று அவளிடம் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"ம்மா, ஒரு ஆளு பேரச் சொன்னா டோக்கன் நம்பர் கெடைக்கணும். டோக்கன வச்சு இன்னிக்கு எந்த ரூம்னு கெடைக்கணும். ரூம வச்சு கூட இருக்கறது யார் யாருன்னு கெடைக்கணும். இதுல எந்த எடத்துலயும் இல்லாமப் போகலாம்ல?"

"காலங்காத்தால இல்ல இல்லங்காத."

"சரி, நிறைஞ்சிரலாம்" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். 'நிறைஞ்சிருச்சு' என்போம். அவள் சின்ன வயதில் கடைக்குப் போய், "எங்க வீட்ல உப்பு நிறைஞ்சிருச்சு, அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாக" என்று சொல்லி, கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தது உண்டு.

அவள் எழுதுகிற முறையில் 'இல்லாமல் போகலாம்' என்கிற பொருளுக்குத் தனி டப்பா உண்டாம். டப்பாவுக்குள் பொருள் இருக்கும், அல்லது டப்பா காலியாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்கு 'மேபி' என்று பெயர். நான் 'இருக்கலாம்' என்று தமிழில் சொன்னேன். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இப்ப ரெண்டு டப்பாவச் சேக்கணும்னு வையி. சரம் பின்னணும்னா திரியும் வேணும், வெடியும் வேணும். ரெண்டு டப்பாவுலயும் சரக்கு இருந்தாத்தான் சரம். எதாவது ஒண்ணு காலின்னா சரமும் காலி டப்பாதான்."

"அதுக்குப் படிக்கணுமாக்கும்?"

"இரும்மா. நம்ம விசயத்துல ஒண்ணுல இருந்துதான் அடுத்ததத் தேட முடியும். டோக்கன் தெரிஞ்சாத்தான் ரூம். ஒவ்வொரு படியிலயும் 'இருக்கா, இருக்கா'ன்னு கேட்டு எழுதுனா பக்கம் பூராக் கேள்வியாத்தான் கெடக்கும். மோனாட்னு டப்பாக்களக் கோக்குற முறை ஒண்ணு இருக்கு; அத வச்சு எழுதுனா, அந்தக் கேள்விய அது வாங்கிக்கிரும். நான் இருக்கற மாதிரியே நெனச்சு எழுதிட்டுப் போகலாம். நடுவுல ஒரு டப்பா காலின்னா அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் ஓடாது. கடைசியா எங்கைக்கு வர்றதும் காலி டப்பாதான்."

எனக்கு ஓரளவு புரிந்தது. கல்லூரியில் சார்புக்குள் சார்பு வைத்துக் கணக்குப் போட்டவள்தானே. அவளுக்கு என் முகத்தைப் பார்த்துச் சந்தேகம். இன்னும் எளிதாக்கினாள்.

"சரவெடி மாதிரிம்மா. நடுவுல திரி அறுந்திருந்தா நெருப்பு அங்கனயே நின்னுரும். மிச்சம் எதுவும் வெடிக்காது. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"இத எவகிட்டயும் சொல்லிராத தாயி. நமுத்துப் போச்சுன்னு நெனச்சு எவளாவது குனிஞ்சு பாப்பா, அப்பத்தான் மூஞ்சில வெடிக்கும். நின்னுபோச்சுங்கறது வேற, ஒண்ணுமில்லங்கறது வேற."

"நீ சொல்றதுதான் சரி. காலி டப்பான்னா தெரியலன்னு மட்டுந்தான் அர்த்தம்" என்றாள்.

கையில் கீரைக் காம்போடு அதைச் சொன்னது நான்தான். பிறகு எப்படி மறந்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இரண்டு வாரத்தில் அது தயாரானது. நான் காலையில் பதிவேட்டைப் பார்த்து எண்களை ஏற்றுவேன். கீறல் போட்டிருந்தால் நேற்றைய அறையை ஏற்றுவேன். புள்ளிக்கு எதையும் ஏற்ற மாட்டேன். அந்தப் பெயரைத் தட்டினால் திரையில் 'தெரியவில்லை' என்று வரும்.

அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சீசன் நேரத்தில் கல்யாணம், காய்ச்சல், ஊர்ப்பொங்கல் என்று தினமும் நான்கைந்து புள்ளி விழும்; அவர்களிலும் பாதிக்கு மேல் பிந்தி வந்து நேற்றைய அறையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சாமி கும்பிட்டு ஆபீசைத் திறந்து முதலில் பார்ப்பது தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை. திடீரென்று அதிகாரி யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? தெரிந்திருப்பதற்குத்தானே எனக்கு வேலை.

மகளிடம் சொன்னேன். "புள்ளி இருந்தா நேத்து எந்த ரூமோ அதையே காட்டச் சொல்லு. போர்மேன் கீறல் போடச் சோம்பல்பட்டுப் புள்ளி வச்சுருப்பாரு. முக்காவாசி நாள் சரியாத்தான் இருக்கும்."

"அது பொய்யில்லையாம்மா?"

"பொய் என்ன பொய். முக்காவாசி சரின்னு சொல்றேன்ல."

"சரியா இருக்கற நாள்ல யாரு இந்த லிஸ்டத் தேடப் போறா? தப்பா இருக்கற அந்த ஒரு நாளைக்குத்தான் லிஸ்டே."

நான் அம்மாக்கள் செய்வதைச் செய்தேன். பெற்றவளுக்கு ஒரு வேலை செய்து தர இத்தனை கேள்வியா என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன். அரை நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டாள். கடைசி வரியில் 'இல்லாவிட்டால் நேற்றையது' என்கிற மாதிரி ஒரே ஒரு சொல். காலி டப்பா வந்தால் அது தானாகவே நேற்றைய எண்ணை உள்ளே போட்டு மூடிவிடும்.

மறுநாள் திரை முழுவதும் எண்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை பத்தரை மணி. சத்தம் காதில் கேட்பதற்கு முன்னாலேயே வயிற்றில் விழுந்தது. மேசை மேல் இருந்த தம்ளர் உருண்டது. வெளியே வந்தால் வடக்கே புகை. பதினேழாம் அறை.

எல்லோரும் ஓடினார்கள். போர்மேன்தான் முதலில் போனார். மூன்று பெண்களை வெளியே கொண்டுவந்துவிட்டார். ஒருத்திக்கு இரண்டு கையும் வெந்திருந்தது. ஒருத்திக்கு முடி கருகியிருந்தது. மூன்றாமவளுக்குக் காயம் இல்லை, ஆனால் என்ன கேட்டாலும் "ஆங்? ஆங்?" என்றாள், காது கேட்கவில்லை. போர்மேனின் முழங்கையும் தீய்ந்திருந்தது. மூவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றி அவரும் கூடவே போய்விட்டார். அந்த நேரத்தில் அவரிடம் எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆபீசுக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தேன். பதினேழில் நான்கு டோக்கன். நான்காவது, நாற்பத்தொன்று.

அவளை நாற்பத்தொன்று என்றே சொல்கிறேன். சரம் பின்னுவதில் அவ்வளவு வேகமான கை. என் மகள் வயதைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அறை சரிந்து கிடந்தது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடிக்கத் தொடங்கியிருந்தது.

ஆபீஸ் போன் அடித்தது. கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வேலைக்கு வருகிறவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஊருக்கெல்லாம் ஆபீஸ் எண்தான் தெரியும்.

"ஆபீஸக்கா, நான் புதுப்பட்டில இருந்து பேசுறேன்." நாற்பத்தொன்றின் அம்மா. கல்யாணமான மகள் வேறு ஊரில் இருக்கிறாள். அம்மா தனியாகப் புதுப்பட்டியில். "பதினேழாம் ரூமுங்காகளே. எம்மக எந்த ரூம்லக்கா இருந்தா?"

நாற்பத்தொன்று என்று தட்டினேன். பதினேழு என்று வந்தது.

"பதினேழுலதான்க்கா இருந்தா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. போன் வைக்கப்படவும் இல்லை. குக்கர் விசில் அடிப்பது கேட்டது. மறுபடி அடித்தது. மறுபடியும். யாரும் அடுப்பை அணைக்கவில்லை. போன் கீழே கிடக்கிறது, அவள் புறப்பட்டுவிட்டாள் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். கேட்டைத் தாண்டி யாரையும் விடவில்லை. கேட்டருகே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தானே சொன்னவள், அதனால் என் கையை. அழவில்லை. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"உள்ள போம்போது மெட்டியக் கழட்டி வச்சுட்டுல்ல போகச் சொல்லுவீக. மெட்டி இல்லாம நான் எம்பிள்ளைய எப்படிக்கா அடையாளம் பாப்பேன்?"

ஒரு மணி நேரம் அந்தக் கை என் கையில் இருந்தது. இதை எழுதும்போதுகூட வலது கையை ஒருமுறை உதறிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தூர்ப் பக்கமிருந்து வந்த மினிபஸ் கேட்டுக்கு எதிரே நின்றது. தோளில் தூங்குகிற குழந்தை, கையில் மருந்துக் கவர். நாற்பத்தொன்று இறங்கினாள்.

குழந்தைக்கு விடியக்காலையில் காய்ச்சல் கொதித்திருக்கிறது. கணவன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறான். வேலைக்கு அழைத்துப்போக வந்த வேன் டிரைவரிடம், நான் இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் பேச்சு காதில் விழுந்து, என்ன ஆயிற்று என்று பார்க்க இங்கேயே வந்து இறங்கியிருக்கிறாள்.

அம்மா எழுந்து ஓடினாள். மகளின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். "எங்கடி போன, எங்கடி போன, சொல்லாமக் கொள்ளாம எங்கடி போன." குழந்தை விழித்து வீரிட்டது.

"வேன்காரண்ணன்ட்ட சொல்லிட்டுத்தானம்மா போனேன்! அவுக போர்மேன்ட்டயும் சொல்லிருக்காகளே!"

அடித்த கையாலேயே மகளைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மா தோளுக்கு மேலாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்கதானக்கா சொன்னீக" என்றாள். அவ்வளவுதான்.

ஆபீசில் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். புதன்கிழமை. நாற்பத்தொன்று. புள்ளி.

மாலையில் விருதுநகரில் இறங்கினால் பஸ் நிறுத்தத்திலேயே மகள் நிற்கிறாள். வீட்டு உடுப்போடு, தலைகூட வாரவில்லை. என் போனை ஆபீஸ் வரை மட்டும் கொண்டுபோகலாம்; அது காலையிலிருந்து மேசை இழுப்பறையில் கிடந்தது. அவள் எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறாள் என்பதைப் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்து, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். ஆபீஸ் எண்ணோ ஓயாமல் எங்கேஜ்டு.

"நீ போய்ட்டன்னு நெனச்சுட்டேன்ம்மா. பகல் பூரா நீ இல்லாமலே இருந்தேன்."

"போன் எடுக்கலைன்னா அதுதான் அர்த்தமாடி?"

"நான் அஞ்சு நிமிசம் எடுக்கலைன்னா நீ என்ன நெனப்ப? லாரி மோதிருச்சும்ப."

உண்மைதான். அவள் கல்லூரி விடுதிக்குப் போன நாளிலிருந்து, அவளிடமிருந்து பதில் வராத ஒவ்வொரு நிமிடத்தையும் நான் எதையாவது போட்டு நிரப்பியிருக்கிறேன். லாரி, கிணறு, கரண்டு. கம்பெனித் திரையில் நல்லதைப் போட்டு நிரப்பினேன், வீட்டில் கெட்டதைப் போட்டு. எதுவும் போடாமல் ஒரு காலி டப்பாவை ஐந்து நிமிடம் கையில் வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை அவளிடம் சொன்னேன். "அன்னைக்கே சொன்னேன்ல" என்று அவள் சொல்வாள், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "எழுதிக் குடுத்தது நான்தானம்மா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை எடுத்தாள்.

பிறகு அதை இன்னும் கொஞ்சம் மாற்றினாள். காலி டப்பா வெறும் காலியாக வராது; எந்தப் படியில் நின்றுபோனது என்று எழுதிய சீட்டு ஒன்று உள்ளே இருக்கும். அதையும் மோனாட் வைத்தே கோக்கலாமாம், முதலில் நின்ற இடத்துச் சீட்டே கடைசிவரை வந்து சேருமாம். இப்போது திரையில், 'டோக்கன் 41: அறை பதியவில்லை. நேரில் கேட்கவும்' என்று வரும்.

கம்பெனி சில வாரம் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தது. போர்மேன் முழங்கையில் கட்டோடு வந்தார். பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்து, புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இது என்ன கேள்வி ஆபீஸக்கா? கண்ணால பாத்தா நம்பரு. கண்ணுல காணலைன்னா புள்ளி. அம்புட்டுத்தான்."

"வேன்காரர் ஒங்கள்ட்ட அவ வரலைன்னு சொல்லிருந்தாராமே."

"சொன்னான். அவன் சொல்லி இன்னொருத்தி பத்து மணிக்கு மேல பஸ்ஸப் பிடிச்சு வந்து நின்ன கதையும் உண்டு. அவன் சொன்னத நான் பாத்ததா எழுத முடியுமா? புள்ளிய மேற்படியாக்கச் சொல்லி ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

"கணக்குப் படிச்சவகளாம்" என்று முனகிக்கொண்டு போய்விட்டார். மகளிடம் சொன்னபோது, அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். "ஒங்க போர்மேனுக்கு எங்க கம்பெனில வேல வாங்கித் தரட்டா? எங்காளுகளே இதுல தப்பு பண்றாக."

நாற்பத்தொன்று மறுபடி வேலைக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள். அன்றிலிருந்து தினமும் ஒன்பதேகால் மணிக்கு அவள் அம்மா ஆபீசுக்குப் போன் செய்கிறாள். "எம்மக வந்துட்டாளாக்கா?" நான் திரையைப் பார்த்து, "நாலாம் ரூம்க்கா" என்பேன். "சரிக்கா" என்று வைத்துவிடுவாள். வேறு பேச்சில்லை. அன்று தப்பாகச் சொன்னது நான் என்றாலும் என்னிடம்தான் கேட்கிறாள். வேறு யாரிடம் கேட்பது.

போன வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்குப் போன் அடித்தது.

"எம்மக வந்துட்டாளாக்கா?"

தட்டினேன். அறை பதியவில்லை என்று வந்தது. பதிவேட்டில் புள்ளி. வந்திருப்பா, கவலப்படாதீக என்று சொல்ல வாய் தயாராகிவிட்டது. நல்ல மனதோடுதான்.

"தெரியலக்கா" என்றேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"வச்சுராதீக. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நான் இங்கனதான் இருக்கேன்" என்றாள்.

ரிசீவரை மேசை மேல் படுக்க வைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டேன். உள்ளே ஓடக் கூடாது என்பது விதி. நடந்தேன். நாலாம் அறையில் மூன்று பேர், அவள் இல்லை. ஐந்தில் இல்லை. ஆறு பூட்டிக் கிடந்தது. ஏழில் இல்லை. எதிரே போர்மேன் வந்தார். அவரிடம் கேட்கவில்லை, கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒன்பதாம் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ரப்பர் விரிப்பில் வெறுங்காலோடு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பிந்தி வந்திருக்கிறாள். தலை நிமிர்ந்து, "என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பின்னு."

திரும்பவும் அத்தனை தூரம் நடந்தேன். ரிசீவரை எடுத்தபோது அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இருக்கீகளா?"

"இருக்கேன், சொல்லுங்க."

"ஒம்பதாம் ரூம். என் கண்ணால பாத்துட்டு வாரேன்."

"அப்ப அடுப்ப அணைக்கேன்க்கா" என்றாள்.